இரண்டு முழம் மல்லிகை

குழந்தை பெற்ற பிறகு இரவில் வேர்த்துக் கொட்டினால், உடம்பு பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று அர்த்தம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வேறொருத்தி என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். யாழினிக்கு அப்போது நாலாவது மாதம். விடியும்போது என் நைட்டியைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். உடம்பெல்லாம் அரிக்கும், ஆனால் தோலில் ஒன்றுமே இருக்காது. கழுத்தின் இடதுபக்கம் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலிக்கவில்லை. வலிக்காததாலேயே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதைப் படிக்கும் யாருக்காவது அப்படி ஒரு கட்டி இருந்தால், வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் வேறொன்றையும் சொல்லாமல் இதை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை.

கட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பெயர் பயாப்ஸி. முடிவு வந்த அன்று தென்னூரில் அந்த மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் என் கணவர் செந்தில் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ‘ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா’ என்றார் டாக்டர். கிருமிகளோடு சண்டை போடுவதற்காக உடம்பில் ஆங்காங்கே சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கின்றன. அந்த முடிச்சுகளில் வரும் புற்றுநோய் இது. பெரும்பாலும் குணமாகிவிடுகிற வகை, ஆறு மாதம் கீமோ என்றார். ‘குணமாகிவிடுகிற’ என்ற வார்த்தையைச் செந்தில் பிடித்துக்கொண்டார். நான் கேட்ட முதல் கேள்வி, “பால் குடுக்கலாமா டாக்டர்?”

“முடியாதும்மா. மருந்து பால்ல வரும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நிறுத்திடணும். அதுவா வத்திடும். பிழியாதீங்க. பிழிஞ்சா சுரந்துகிட்டேதான் இருக்கும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் தனியாக மனதில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

கீமோவுக்கு முன் பெட் ஸ்கேன். லேசான கதிர்வீச்சு கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். பசித்துக் கிடக்கிற புற்றணுக்கள் அதை அதிகமாகத் தின்று படத்தில் ஒளிரும். ஊசி போட்ட பிறகு அன்று முழுக்கக் குழந்தையைத் தூக்கக் கூடாது என்றார்கள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டின் ஒரு அறையில் நானும், கதவுக்கு அப்பால் யாழினியும் அழுதோம். பாட்டிலை அவள் நாக்காலேயே தள்ளினாள். அன்று மாலைதான் செந்திலின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடும் கலைச்செல்வி, மண்ணச்சநல்லூரிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கினார். இடுப்பில் பத்து மாத மகன் முகிலன், கையில் ஒரு பை. பெரிய பையனைக் கணவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். என் அம்மாவால் தொட்டியத்தை விட்டு நகர முடியாது. அப்பா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். வாரம் தவறாமல் பஸ்ஸில் ஒரு சீப்புப் பழம் மட்டும் அம்மாவிடமிருந்து வரும்.

அண்ணி கேட்டுவிட்டுத்தான் செய்தார். அதையும் எழுத வேண்டும்.

“நித்யா, முகில் இப்ப சோறு திங்கறான்ல. எனக்குப் பால் மிச்சந்தான். நீ சரின்னா யாழிக்கு நான் குடுக்கட்டுமா? மனசுக்கு ஒப்பலன்னா சொல்லிடும்மா, நான் ஒன்னும் நினைச்சுக்க மாட்டேன்.”

குழந்தை டாக்டரைக் கேட்டோம். அவர் சொன்ன ரத்தப் பரிசோதனைகளை அண்ணி முகம் சுளிக்காமல் செய்துகொண்டார். “குடுங்க அண்ணி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல” என்றேன். பிறகு என் அறையில் படுத்தபடி பக்கத்து அறையில் என் மகள் பால் விழுங்கும் சத்தத்தைக் கேட்டேன். பசியோடு வேகவேகமாக, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு விழுங்கினாள். என் குழந்தையைப் பட்டினியிலிருந்து காப்பாற்றிய ஒருத்தியை அந்த நிமிடம் நான் வெறுத்தேன். மருந்தாலோ காய்ச்சலாலோ அப்படித் தோன்றியது என்று சொல்ல வழியில்லை. அப்போது மருந்து ஆரம்பித்திருக்கவே இல்லை.

*

கீமோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். மேல் கையில் ஒரு நரம்பு வழியாக இதயத்துக்குப் பக்கம்வரை மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, ஆறு மாதமும் அதிலேயே மருந்து ஏற்றுவார்கள். வாரம் ஒருமுறை அதைச் சுத்தம் செய்து கட்டை மாற்ற வேண்டும். இதெல்லாம் ராஜேஸ்வரி சிஸ்டரின் ராஜ்யம்.

நல்ல நர்ஸ் என்றால் வலிக்காமல் ஊசி போடுகிறவர், அன்பாகப் பேசுகிறவர் என்று நினைத்திருந்தேன். ராஜேஸ்வரி சிஸ்டர் அன்பாகப் பேசி நான் கேட்டதில்லை. வார்டின் ஒரு கோடியிலிருந்து பேசினால் மறுகோடியில் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். புற்றுநோய்ப் பிரிவுக்கென்றே தனியாகப் படித்தவர் என்பதை அவரே நாலு தடவை சொல்லிவிட்டார். என் மருந்துகளில் ஒன்று ரத்தச் சிவப்பாக இருக்கும். அதைத் தொங்கவிட்டுவிட்டுப் போக மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து கையாலேயே மெல்ல மெல்லச் செலுத்துவார். நரம்பை விட்டுக் கசிந்தால் சதையையே அரித்துவிடும் மருந்து அது. அந்த நேரம் அவர் எழுந்து போக முடியாது, நாமும் எழுந்து போக முடியாது. அப்போதுதான் கேள்விகள் வரும்.

“முடி போகும். சமயபுரத்துக்கு வேண்டிக்கிட்டு மொட்டை போட்டுட்டு வந்து நிக்காதீங்க. கத்தி பட்ட இடமெல்லாம் கிருமிக்கு வாசல். ட்ரிம்மர்ல ஒட்ட வெட்டுங்க. வேண்டுதலை அம்மன்கிட்ட தள்ளிப்போட்டுக்கலாம், அவ கோச்சுக்க மாட்டா.”

“சரி சிஸ்டர்.”

“எல்லாத்துக்கும் சரின்றீங்க. சரின்றவங்களப் பாத்தாத்தான் எனக்குப் பயம்.”

இரண்டாவது கீமோவில் சிவப்பு மருந்து பாதி போயிருந்தபோது கேட்டார்: “பால் வத்திடுச்சா?”

“வத்திட்டு வருது சிஸ்டர்.”

என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வாந்தி எடுக்க, பேச்சு அதோடு போயிற்று.

பால் வற்றவில்லை. வற்ற நான் விடவில்லை. வீடு அடங்கியதும் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, மார்பிலிருந்து பாலை உறிஞ்சும் பம்பை வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் சுரப்பை விடாமல் வைத்திருந்தால், சிகிச்சை முடிந்ததும் யாழினியை நானே திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. கால்படும் இடத்தில் தாய்ப்பாலைக் கொட்டக் கூடாது என்று சொல்லி வளர்த்தவள் என் அம்மா. நான் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். வேதியியலில் முதுகலை படித்தவள் நான். அந்தப் பாலில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அண்ணிக்கு என் நெஞ்சின் கனம் கண்ணில் பட்டது. “இன்னுமா வத்தல? மாத்திரைக்கு மேல மாத்திரை எதுக்கு? எங்க பக்கத்துல பூவைத்தான் கட்டுவோம்” என்றார். பால் மறக்க வைக்க மார்பில் மல்லிகையைக் கட்டுவது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழி. ஸ்ரீரங்கத்தில் மல்லிகைக்கா பஞ்சம்? கடையிலிருந்து வாங்கி வந்து, நீளமாக மடித்து, மெல்லிய துணிக்குள் வைத்து, என் கைக்குழாயில் படாமல் பார்த்துப் பார்த்துக் கட்டிவிட்டார். வாடியதும் மாற்றுவார். முதலில் ஒரு முழம், பிறகு இரண்டு முழம். பகலில் அவர் பூக்கட்டினார், இரவில் நான் பிழிந்தேன். இரண்டு பேரும் ஒரே உடம்பை எதிரெதிர்ப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம். அதில் ஒருத்திக்குத்தான் அது தெரியும் என்று நினைத்திருந்தேன்.

*

இரண்டாவது கீமோவுக்கு அடுத்த வாரம் குழாயைச் சுத்தம் செய்வதற்காகச் செந்தில் என்னை வார்டில் கொண்டுவந்து விட்டார். இடது மார்பில் விண்விண் என்று ஒரு வலி. காலையில் பாராசிட்டமால் போட்டுக்கொண்டிருந்தேன். தலையில் துணி, முகத்தில் மாஸ்க். வாசலில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, காய்ச்சல் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். உட்கார்ந்ததும் சிஸ்டரின் குரல்:

“யாரு பூ வச்சிருக்கறது? வார்டுக்குள்ள பூ கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது!”

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அங்கே பூ வைக்கும் அளவுக்கு முடி இருந்தவர்கள் யாருமில்லை. “மோந்து பாத்தே கண்டுபிடிக்கிறதுக்கு சிஸ்டர் என்ன போலீஸ் நாயா?” என்று ஒரு பெரியவர் சொல்ல, சிரிப்பு எழுந்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் பேசாமல் திரையை இழுத்து மூடினார். குரல் சட்டென்று தணிந்துவிட்டது.

“பால் வத்தக் கட்டினதா?”

தலையாட்டினேன்.

“யாரு கட்டினது?”

“நாத்தனார்.”

“நல்ல வழிதான். எங்க அக்காவுக்கும் கட்டியிருக்கோம். ஆனா உங்க ரத்தத்துல இப்ப வெள்ளணு கம்மியா இருக்கும். பூவுலயும் அந்த ஈரத்துலயும் இருக்கிற கிருமி எனக்கு வந்தா ஒன்னுமில்ல. உங்களுக்கு வந்தா தடுக்க ஆளில்ல.” துணியை அவிழ்த்தார். இடது பக்கம் ஒரு திட்டு சிவந்து கொதித்தது. காம்பில் வெடிப்பு. அதைப் பார்த்தவர் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தார். “இது பூ பண்ணினது இல்லையே. பிழியறீங்களா?”

எனக்கு அழுகைதான் வந்தது.

“அழுங்க. அதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லுங்க. காலையில ஏதாவது மாத்திரை போட்டீங்களா?”

“வலிக்குதுன்னு ஒரு பாராசிட்டமால்.”

“அதான் தெர்மாமீட்டர்ல ஜுரம் தெரியல.” என் விரல் நுனிகளைத் தொட்டார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. என் விரல்கள் சில்லிட்டிருந்தன.

கீமோ எடுத்துக்கொள்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன். உடம்பு சுடுகிற மாதிரி இருந்தால் முதலில் அளந்து பாருங்கள். அளக்காமல் மாத்திரை போட்டால் காய்ச்சல் மறைந்துகொள்ளும், கிருமி மறையாது. வெள்ளணுக்கள் இல்லாதபோது ஒரு சின்னத் தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். எனக்கு இது அச்சிட்ட தாளிலேயே கொடுக்கப்பட்டிருந்தது. படித்தும் இருந்தேன்.

சிஸ்டர் போனில் டியூட்டி டாக்டரோடு பேசுவது திரைக்கு அப்பால் கேட்டது. “ரிப்போர்ட் வரட்டும்னா நேரமாயிடும் சார். கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துட்டேன். ஆன்டிபயாடிக்கை ஆரம்பிச்சுடலாம்... ஜுரம் இல்லதான் சார், மாத்திரை போட்டிருக்காங்க... நீங்க வந்து பாருங்க, நான் ரெடி பண்றேன்.” டாக்டர் வந்தார், பார்த்தார், மருந்தை எழுதினார். அது ஏறிக்கொண்டிருக்கும்போதே குளிர் என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கட்டிலின் இரும்பு கடகடத்தது. ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சாகப்போகிறேன் என்று நினைத்தேன். யாழினிக்கு என் முகம் நினைவிருக்காது, அண்ணியின் முகம்தான் இருக்கும் என்றும் நினைத்தேன். அந்த நேரத்திலும் அதைத்தான் நினைத்தேன்.

*

மாலையில் தனி அறைக்கு மாற்றினார்கள். குளிர் நின்றிருந்தது. அண்ணி மாற்றுத்துணி கொண்டுவந்து வாசலில் நின்றார். குழந்தைகள் இரண்டும் கீழே செந்திலிடம். டியூட்டி டாக்டர் அண்ணியைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்கதானா பூக் கட்டினது? படிச்சவங்க இருக்கிற வீடுதானே? வெள்ளணு சுத்தமா இல்லாத பேஷண்ட்டுக்குப் பூவைக் கொண்டுபோய்க் கட்டியிருக்கீங்க! ஏதாவது ஆயிருந்தா யார் பதில் சொல்றது?”

“தெரியாம செஞ்சுட்டேன் சார்” என்றார் அண்ணி. முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். “அவளுக்கு வலிக்குதேன்னுதான்...”

நான் பேசியிருக்கலாம். நாக்கு உலரவில்லை, மயக்கமும் இல்லை. கண்ணை மூடித் தூங்குவதுபோலக் கிடந்தேன். பேசியது ராஜேஸ்வரி சிஸ்டர்தான். “சார், பூதான் காரணம்னு நமக்கு இன்னும் தெரியாது. வெளிய போய்ப் பேசலாம் வாங்க.”

அண்ணி கீழே போன பிறகு திரும்பி வந்தவர் என் கட்டிலை ஒட்டி நின்றார். நான் தூங்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

“நீங்க பிழிஞ்சத டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். மருந்து முடிவு பண்ண அது வேணும். வீட்ல யாருக்குச் சொல்லணும், சொல்லக்கூடாதுங்கறது உங்க இஷ்டம். அதுல நான் வரமாட்டேன்.”

“என்னாலதானே சிஸ்டர்? பூவால இல்லல்ல?”

“தெரியாது.”

“உங்களுக்குத் தெரியும். சும்மா சொல்றீங்க.”

“வெடிப்பு வழியா போயிருக்கலாம். பூவுலேர்ந்து வந்திருக்கலாம். ரெண்டும் இல்லாம உங்க குடல்லேர்ந்தே வந்திருக்கலாம், கீமோல அப்படியும் வரும். ஒன்னைச் சொன்னா உங்களுக்கு நிம்மதியா இருக்கும். ஆனா எனக்குத் தெரியாதே.” பிறகு குழாயின் கட்டைச் சரிசெய்தபடி, தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார்: “போன தடவ ‘வத்திட்டு வருது’ன்னீங்க. பாத்தப்பவே இன்னும் ஒரு வார்த்த கேட்டிருக்கணும். விட்டுட்டேன். அது என்மேல.”

யார்மேல் தப்பு என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பூ வாசத்தை மோப்பம் பிடித்ததைவிட, மாத்திரையைக் கேட்டதைவிட, இதுதான் எனக்கு அவருடைய கைதேர்ச்சியாகத் தெரிந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு நோயாளியின் பக்கத்திலேயே நிற்பதற்கு எத்தனை வருடப் பழக்கம் வேண்டும்!

கல்ச்சர் என்பது ரத்தத்தை வளர்ப்புத் திரவத்தில் வைத்து என்ன கிருமி முளைக்கிறது என்று பார்ப்பது. என் ரத்தத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. அப்படியும் ஆகும் என்றார்கள். காய்ச்சல் இறங்கியது. பால் வற்ற மாத்திரை கொடுத்தார்கள். இந்த முறை நான் ஏமாற்றவில்லை.

அப்போதுதான் செந்தில் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். “அக்கா ஊருக்குப் போறேங்குது. பையெல்லாம் கட்டிடுச்சு. எங்கையால உனக்கு இப்படி ஆயிடுச்சுன்னு ஒரே அழுக. நான் சொன்னா கேக்க மாட்டேங்குது.”

“யாழி?”

“பாட்டில் குடிக்கப் பழக்கிக்குங்கன்னு சொல்லுது. நேத்துலேர்ந்து பாட்டில்தான் குடுத்துப் பாக்குது. இவ வாயவே திறக்கல.”

போனை வாங்கினேன். அண்ணி எடுத்ததும் பின்னால் யாழினியின் அழுகை. தொண்டை கட்டிப்போன அழுகை.

“அண்ணி, போகாதீங்க. பூவால இல்ல. நான்தான்... ராத்திரியில பிழிஞ்சுட்டு இருந்தேன். காம்பு வெடிச்சிருந்துச்சு. டாக்டர் உங்களத் திட்டுறப்ப முழிச்சுகிட்டுத்தான் கிடந்தேன்.”

யாழினியைத் தோளில் மாற்றிப் போட்டுத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “தெரியும் நித்யா” என்றார்.

“எது?”

“பிழியறது. காலையில பாத்ரூம்ல பால் வாடை அடிக்கும். ரெண்டு புள்ள பெத்தவளுக்கு அந்த வாடை தெரியாதா?”

“அப்ப ஏன் கேக்கல?”

“என்னத்தக் கேக்க? உம்புள்ளைக்கு நான் பால் குடுத்துகிட்டு, நீ பிழியாதேன்னு உங்கிட்டயே வந்து சொல்லணுமா? வாய் வரலம்மா. அதான் பூவை ஒரு முழம் கூட வாங்கிக் கட்டினேன்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “இன்னொன்னும் சொல்லிடறேன். யாழி என்னப் பாத்துத் தாவிட்டு வரப்ப எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாவும் இருந்துச்சு. உன்ன அங்க படுக்க வச்சுட்டு எனக்கு இங்க சந்தோஷம். அதுக்குத்தான் சாமி எனக்கு இந்தத் தண்டனையக் குடுத்துச்சுன்னு நினைச்சேன்.”

நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. “அவளுக்குப் பால் குடுங்க அண்ணி” என்றேன். போனை வைக்காமல் காதில் அழுத்திக்கொண்டே இருந்தேன். அழுகை நின்றது. விழுங்கும் சத்தம் கேட்டது. முழுவதும் கேட்டேன். பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வைக்கவில்லை.

*

அதற்குப் பிறகு நடந்தவை மற்றவர்களுக்கு நடப்பவைதான். சுவை போன நாக்கு, காப்பீட்டுக்காரர்களோடு செந்திலின் தீராத போன் பேச்சு, தள்ளிப்போன ஒரு தவணை, அம்மாவின் வாழைப்பழம். அதற்கு மட்டும் ராஜேஸ்வரி சிஸ்டரிடம் மறுப்பில்லை. “கழுவி, நீங்களே உரிச்சுச் சாப்பிடுங்க” என்பார். கடைசித் தவணையில் சிவப்பு மருந்து போய்க்கொண்டிருந்தபோது, அன்றைக்குப் பூவாலா என்னாலா என்று மறுபடியும் கேட்டேன். அவருக்கு மறக்கவே இல்லை. “இப்பவும் தெரியாதும்மா” என்றார். கடைசி ஸ்கேனில் எதுவும் ஒளிரவில்லை.

யாழினி சோற்றுக்கும் டம்ளருக்கும் பழகிவிட்டாள். அண்ணி ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாப்பில் பூக்காரம்மா, “என்னம்மா, முன்னல்லாம் முழம் முழமா வாங்குவீங்க, இத்தன மாசமா எங்கடையத் தாண்டிப் போறீங்க, ஒரு நாளும் வாங்கல, இன்னிக்காச்சும் வாங்குங்க” என்று அண்ணியைக் கூப்பிட்டபோதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் திட்டிய நாளிலிருந்து அண்ணி தலையில் பூவே வைக்கவில்லை. பூ வைக்காமல் வாசலுக்குக்கூடப் போகாதவர். என்னை நோகடிப்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்த நான் இதைப் பார்க்கவில்லை.

இரண்டு முழம் வாங்கி நானே வைத்துவிட்டேன். “உனக்கு?” என்றார். என் தலையில் முடி விரல் நகம் அளவுக்கு வளர்ந்திருந்தது. “எதுல வைக்கிறது, காதுலயா?” என்றேன். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பிலேயே பஸ் வந்துவிட்டது.

அண்ணி ஏறியதும் யாழினி என் இடுப்பிலிருந்து அவர் பக்கம் எக்கிப் பாய்ந்தாள். கையை நீட்டி நீட்டி அழுதாள். ஜன்னலோரத்தில் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னலில் பூ மட்டும் தெரிந்தது. பஸ் திருப்பத்தில் மறைந்தது. யாழினி கொஞ்ச நேரம் அந்தத் திசையையே பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல், என் கழுத்தில், தழும்பு இருக்கிற பக்கமாக, முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.